படகு வராத ஞாயிற்றுக்கிழமை: காட்டு நடை நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பினாங்கு தேசியப் பூங்காவுக்கு ஒரு நாள் நடை கூட்டிப் போகும் ஏற்பாட்டாளர்களுக்கு வணக்கம்.

பெயர் சொல்லப் போவதில்லை. உங்களில் ஒருவரிடம்தான் போன மாதம் பணம் கட்டி அத்தையையும் அத்தை மகனையும் கூட்டிக்கொண்டு வந்தேன், படிக்கும்போது அவருக்கே தெரிந்துவிடும். சண்டைக்கு வரவில்லை. கேட்பது ஒன்றுதான்: கைட்டை நிற்க விடுங்கள்.

காலை 9 மணிக்கு தெலுக் பஹாங் வாசலில் பெயர் பதிந்தபோது நாங்கள் 22 பேர், கைட் ஒரே ஒருவர். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த மலாய்க்காரர், எல்லாரும் அபாங், அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிட்டோம். 11 மணிக்கு பந்தாய் கெராச்சுட் கடற்கரை, அப்புறம் ஆமை நிலையம், சாப்பாடு, ஒன்றரைக்குப் படகு என்று நீங்கள் கொடுத்த தாள் அவர் சட்டைப் பையில் இருந்தது. முன்னால் போனவர்கள் ஏற்றத்தைத் தாண்டிக் கண்ணில் படவே இல்லை, கடைசியில் அத்தை மூச்சு வாங்கிக்கொண்டு வேரில் உட்கார்ந்திருக்கிறார், நடுவில் இந்த மனுஷன் கடிகாரத்தைப் பார்த்தபடி மேலும் கீழுமாக ஓடுகிறார். தலைக்கு மேலே லோத்தோங் என்கிற இலை தின்னும் குரங்குக் கூட்டம் ஒன்று, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையத்தோடு இலை தின்றுகொண்டிருந்தது. எல்லாம் சாம்பல் நிறம், தாயின் வயிற்றில் ஒட்டியிருந்த குட்டி மட்டும் பளீரென்று ஆரஞ்சு. ஏன் அப்படி என்று பையன் கேட்டான். அப்புறம் சொல்கிறேன் என்று அபாங் நடந்துவிட்டார்.

கெராச்சுட் ஏரியில் மேலே நன்னீர், கீழே கடல்நீர், இரண்டும் கலக்காமல் அடுக்காகக் கிடக்கும். வருடத்தில் சில மாதங்கள் வற்றியும் கிடக்கும். ஆசியாவிலேயே அரிதான இந்த ஏரிக்கு உங்கள் தாளில் இடமே இல்லை. பாலத்தில் நின்று ஆளுக்கொரு செல்ஃபி, அவ்வளவுதான். ஆமை நிலையத்திலும் பத்து நிமிடம். முட்டை புதைந்திருக்கும் மணலின் சூடு கூடினால் பெண் குஞ்சு, குறைந்தால் ஆண் என்று அபாங் சொல்ல ஆரம்பித்தபோது சாப்பாட்டுப் பொட்டலம் வந்துவிட்டது. குளிக்கலாம் என்று துண்டும் மாற்றுத்துணியும் தூக்கி வந்தவர்கள் ஜெல்லி மீன் எச்சரிக்கைப் பலகையைப் பார்த்து முகம் தொங்கிப் போனார்கள். முன்னாலேயே ஒரு வரி சொல்லியிருக்கலாமே!

ஒன்றரைக்குப் படகு வரவில்லை. அலை பெரிதாக இருக்கிறது, கரையில் ஒட்ட முடியாது என்று போன் வந்தது. நியாயம்தான், கடலை யார் என்ன செய்ய முடியும்? பாதிப் பேர் முணுமுணுத்தார்கள், அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார். சரி, வந்த வழியே நடக்க வேண்டியதுதான்.

அந்தத் திரும்பும் நடைக்குத்தான் நான் கொடுத்த காசு தகும். அவசரம் போய்விட்டதால் அபாங் வேறு ஆளாகிவிட்டார். ஒரு மரத்தடியில் நின்று, பேசாதீர்கள் என்று சைகை காட்டிவிட்டு அடிமரத்தைக் காட்டினார். எங்களுக்குப் பட்டையும் பாசியும்தான் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பாசியில் ஒரு பகுதி தலையைத் திருப்பியது. குபோங்! ராத்திரியில் தோலை விரித்து மரத்துக்கு மரம் காற்றில் மிதந்து போகும் பிராணி, பகலில் இப்படி ஒட்டிக்கொண்டு கிடக்குமாம். அதன் தோல் மடிப்புக்குள்ளிருந்து இன்னொரு சின்ன முகம் எட்டிப் பார்த்தபோது மூச்சு வாங்குவதையும் மறந்து அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் அபாங் இறக்கை முளைத்த செராயா மரத்து விதையை மேலே எறிந்து அது சுழன்று இறங்குவதைக் காட்டினார். ஜெலுத்தோங் மரத்துப் பாலில் ஒரு காலத்தில் சூயிங்கம் செய்தார்கள் என்றார். பையனுக்குப் பதிலும் கிடைத்தது: ஆரஞ்சுக் குட்டியைக் கூட்டத்தில் எல்லாப் பெண் குரங்கும் கண்வைத்துப் பார்த்துக்கொள்ளுமாம், சில மாதத்தில் அந்த நிறம் போய்விடுமாம்.

இத்தனையும் காலையில் நாங்கள் தலைதெறிக்க ஓடிய அதே பாதைதான். 1928-லேயே காப்புக்காடாக ஒதுக்கி, 2003-ல் தேசியப் பூங்காவாக்கிய இடம் அது, கடற்கரைக்குப் போகும் குறுக்குச்சந்து மாதிரி அதை ஏன் நடத்துகிறீர்கள்?

ஒரு கைட்டுக்கு பத்துப் பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். விளம்பரத்தில் இலகுவான நடை என்று போடாதீர்கள், ஏற்றமும் இறக்கமும் வேரும் இருக்கிறது, செருப்போடு வராதீர்கள், தண்ணீர் கூடுதலாக எடுத்து வாருங்கள் என்று போடுங்கள். கடற்கரையில் குரங்குக்கு பிஸ்கட் நீட்டுகிறவர்களை அபாங் ஒருவரே எத்தனை தடவை தடுப்பார்? அதையும் வாசலிலேயே சொல்லி அனுப்புங்கள்.

அடுத்த மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு மறுபடி வரலாம் என்றிருக்கிறேன். அதே அபாங் வேண்டும், போக வர இரண்டு வழியும் நடைதான், படகு வேண்டாம். அதற்கு எவ்வளவு குறைப்பீர்கள் என்று சொல்லுங்கள். போன தடவை வராத படகுக்கு வாங்கிய காசும் இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது.