முகப்பை மட்டும் வாடகைக்கு விடலாமே

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். காரைக்குடி 2024-இல் மாநகராட்சி ஆனதிலிருந்து, ஊர் நடுவில் புது வணிக வளாகம் கட்டினால்தான் வியாபாரம் வரும் என்ற பேச்சு அதிகமாகிவிட்டது. பெரிய பெரிய வீடுகளைப் பூட்டிவைத்துக்கொண்டு இடமில்லை என்கிறோம். ஒரு தெருவில் வாசல், அடுத்த தெருவில் பின்கட்டு என்று நீளும் வீடுகள் இவை. கடைக்கு வாசலை ஒட்டிய முகப்பும் திண்ணையும் போதும். நடு முற்றமான வளவும் இரண்டாம் கட்டும் குடும்பத்து விசேஷங்களுக்கு இருந்துவிட்டுப் போகட்டும்.

பூட்டுக்குக் காரணம் பங்கு. ஒரே வீட்டுக்குப் பல பங்காளிகள். சிலர் சென்னையில், சிலர் மலேசியா, சிங்கப்பூரில். ஒருவர் மட்டும் போட்ட கையெழுத்து மற்றவர்களின் பங்கைக் கட்டுப்படுத்தாது. கடைக்காரர் ரேக் அடித்து, சரக்கு இறக்கியபின் இன்னொரு பங்காளி வந்து நிற்பார். எல்லோரும் சேர்ந்து ஒருவருக்குப் பவர், அதாவது தங்கள் சார்பில் செயல்படும் அதிகாரப் பத்திரம், எழுதித் தருவதே வழி. பவர் என்றாலே வீட்டை விற்றுவிடுவார்களோ என்ற பயம் உண்டு. அதனால் முகப்பின் நீள அகலம், வாடகைக்கு விடும் உரிமை மட்டும், இத்தனை ஆண்டு என்ற வரம்பு, விற்கவோ அடமானம் வைக்கவோ உரிமையில்லை என்ற வரி, இந்த நான்கும் பத்திரத்தில் இருக்க வேண்டும். வெளிநாட்டில் எழுதிய பவருக்கு, அது இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தியாக வேண்டும். பீரோவில் வைத்து மறந்துவிட்டு மறுபடி முதலிலிருந்து அலைபவர்கள்தான் அதிகம்.

அடுத்த பயம், குடிவந்தவர் காலி செய்யமாட்டார் என்பது. 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் 2019-இல் நடைமுறைக்கு வந்தது. எழுத்தில் ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்கிறது அது. நம் ஊர் வழக்கமோ வாய்ச்சொல், மிஞ்சினால் 11 மாத ஒப்பந்தம். 11 மாதத்தை நம்பி யார் கடையில் முதல் போடுவார்? 3 அல்லது 5 ஆண்டுக்கு எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதிந்துகொள்வதே இருவருக்கும் நல்லது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு அந்தப் பதிவு கட்டாயம். முகப்புக்குத் தனி மீட்டரும் வாங்கிவிட வேண்டும். வீட்டு இணைப்பில் கடை ஓடினால் மின்வாரிய அபராதம் வீட்டுக்காரர் தலையில் விழும்.

வேலை கெடுவது பெரும்பாலும் கொத்தனார் கையில். முதல் நாளே திண்ணையை இடித்து ஷட்டர் வைக்கிறார்கள். தரை தெரு மட்டத்துக்கு இறங்குகிறது. சைக்கிள் ஏற வாறுகால்மேல் (தெருவோரச் சாக்கடைமேல்) சிமெண்ட் சரிவு போடுகிறார்கள். வளவிலிருந்து வரும் மழைநீர் போக்கிடமில்லாமல் திரும்பி, கடைக்குள்ளேயே நிற்கிறது. திண்ணையை விட்டுவைத்தால் அதுவே சரக்கு பரப்பும் மேடை. வாறுகாலுக்குக் கழற்றி மாட்டும் இரும்புக் கிராதி போதும். அள்ளிச் சுத்தம் செய்யவும் முடியும். சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசவே கூடாது. உள்ளே ஏறிய ஈரம் வெளியேற வழியின்றி உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாக உதிரும். ரேக்கைச் சுவரில் துளையிட்டு மாட்டாமல் தரையில் நிறுத்துங்கள். ஆத்தங்குடிக் கல் என்கிற வண்ணப் பூக்கல் பதித்த தரையில் ஆசிட் ஊற்றினால் நிறம் போய்விடும், பிறகு வராது.

முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கு வெளியூர்க்காரர்கள் வரத்தான் செய்கிறார்கள். வீட்டைப் பிரித்துத் தூணும் கதவும் விற்பதைத் தவிர அந்த வீடுகளை வைத்து வேறு வியாபாரம் நமக்குத் தோன்றவில்லை என்பதுதான் வருத்தம். பிள்ளையார்பட்டிக்கும் கானாடுகாத்தானுக்கும் வருகிறவர்கள் இங்கே மதியச் சாப்பாட்டோடு கிளம்பிவிடுகிறார்கள். அந்தத் தெருவை ஒட்டி நாலைந்து முகப்புகள் திறந்து, ஒன்றில் 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலை, ஒன்றில் கைமுறுக்கும் சீப்புச் சீடையும், ஒன்றில் பனையோலைக் கூடையான கொட்டான் என்று இருந்தால் இன்னும் இரண்டு மணி நேரம் நிற்பார்கள்.

மாநகராட்சியிடம் கேட்பது மூன்றுதான்: முகப்பின் பரப்புக்கு மட்டும் வணிக வரி, சரக்கு வண்டிக்குக் காலை 8 மணி வரை மட்டும் அனுமதி, நடந்து வருகிறவர்களுக்கு ஒரு பொதுக் கழிப்பறை. முதலில் கழிப்பறை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
செக்காலை, காரைக்குடி