ரெக்கார்டு நோட்டில் ஒரு பக்கம்: நெல்லை, தென்காசி மாவட்டக் கணினி ஆசிரியர்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

பிளஸ் ஒன், பிளஸ் டூ கணினிப் பாடங்களில் ஜாவாஸ்கிரிப்ட், பிஎச்பி, பைத்தான் என்ற மூன்று நிரல்மொழிகளும் வருகின்றன. மூன்றிலும் பல மதிப்புகளை வரிசையாக வைக்கும் அணி, அதாவது அர்ரே, நாம் நினைக்காத விதமாக நடந்துகொள்ளும் இடங்கள் உண்டு. ரெக்கார்டு நோட்டில் மட்டும் எல்லா நிரலும் ஒழுங்காக ஓடி முடிகிறது. எதிர்பாராத வெளியீட்டுக்கென்று அதில் ஒரு பக்கம் விடச் சொல்லுங்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

அணைகளின் முழு உயரத்தை அடிக்கணக்கில் எடுத்துக்கொள்வோம். பாபநாசம் 143, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. ஜாவாஸ்கிரிப்டில் இவற்றை ஓர் அணியில் வைத்து, வரிசைப்படுத்தும் சார்ட் கட்டளையைப் போட்டால் 118, 143, 156. கச்சிதம். இனி தென்காசிப் பக்கத்து அணைகளைச் சேருங்கள்: கடனாநதி 85, ராமநதி 84, கருப்பாநதி 72, குண்டாறு 36, அடவிநயினார் 132. வருவது 118, 132, 143, 156, 36, 72, 84, 85. சேர்வலாற்றுக்கும் மேலே போய் உட்கார்ந்துவிட்டது குண்டாறு!

ஒப்பிடும் சார்பு (ஃபங்ஷன்) ஒன்றைத் தராவிட்டால், சார்ட் எண்களை எழுத்துச்சரமாக்கித்தான் ஒப்பிடும். 156-இன் முதல் எழுத்து 1, 36-க்கு 3. அதனால் 156 முந்துகிறது. முதலில் கொடுத்த மூன்றும் மூன்றிலக்க எண்கள் என்பதால் குட்டு வெளிப்படவில்லை. மொழியின் விதியே இதுதான் என்பதால் இதைப் ‘பிழை’ என்று எழுத வேண்டாம். முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்துத் தரும் சார்பை சார்ட்டுக்குக் கொடுத்தால் வரிசை சரியாகும்.

இதைப் பதிவு செய்யும்போதே இன்னொரு வம்பு வரும். சார்ட் மூல அணியையே மாற்றிவிடும். வெளியீட்டைக் காட்டும் பிரவுசர் கன்சோலோ, அம்புக்குறியைச் சொடுக்கும் நேரத்தில் அணி எப்படி இருக்கிறதோ அதைத்தான் விரித்துக் காட்டும். ஆகவே ‘முன்’, ‘பின்’ என்று இரண்டு முறை அச்சிட்டாலும், விரித்துப் பார்த்தால் இரண்டும் வரிசையாகவே தெரியும். அணியை ஜேசன் (JSON) என்ற எழுத்து வடிவச் சரமாக மாற்றி அச்சிட்டால் அந்த நேரத்து நிலை அப்படியே நிற்கும். ஆனால் அணியில் காலி இடம் இருந்தால் ஜேசன் அதை ‘நல்’ (null, மதிப்பில்லை) என்று காட்டிவிடும். காலி இடங்களைப் பற்றிய குறிப்புக்கு இந்த வழி ஆகாது.

பிஎச்பியில் பஸ் நிறுத்தங்கள்: ஜங்ஷன், வண்ணாரப்பேட்டை, முருகன்குறிச்சி, பாளை பஸ் ஸ்டாண்டு. இண்டெக்ஸ், அதாவது இட எண், 0 முதல் 3 வரை. வண்ணாரப்பேட்டையை அன்செட் செய்தால் (நீக்கினால்) மிஞ்சுவது 0, 2, 3, எண்ணிக்கை 3. 0 முதல் 2 வரை ஓடும் ஃபார் லூப், 1-இல் எச்சரிக்கை தரும், பாளைக்குப் போகாமலே நின்றுவிடும். ஜேசனாக்கினால் சதுர அடைப்புக்குப் பதில் நெளி அடைப்பு வரும். வண்ணாரப்பேட்டைக்குப் பதில் கடைசி நிறுத்தத்தை நீக்கிக் காட்டினால் இதெல்லாம் தெரியாது. ஆனால் அதன்பின் புதிதாக ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள்: அதன் இண்டெக்ஸ் 3 அல்ல, 4. அர்ரே வேல்யூஸ் சார்பு இண்டெக்ஸை மறுபடி 0-இலிருந்து அடுக்கித் தரும்.

பைத்தானில் அணியாகப் பயன்படுவது லிஸ்ட். பூச்சியங்கள் கொண்ட ஒரு லிஸ்ட்டை இன்னொரு லிஸ்ட்டுக்குள் வைத்து மூன்றால் பெருக்கினால், பார்க்க மூன்று வரிசை. உள்ளே இருப்பது ஒரே லிஸ்ட்தான். ஒரு கட்டத்தில் 5 போட்டால் மூன்று வரிசையிலும் 5 வரும். அச்சிடுவதோடு நிறுத்தினால் யாருக்கும் தெரியாது.

அந்தப் பக்கத்தில் மொழியின் பதிப்பெண், விஷயத்தைக் காட்டும் மிகச் சிறிய அணி, எதிர்பார்த்தது, வந்தது, காரணமான விதி, மாற்று வழி இவ்வளவும் இருந்தால் போதும். வந்ததை மனப்பாடமாக எழுதாமல் திரையைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். எந்த உள்ளீட்டில் இது வெளியே தெரியாது என்பதற்கும் ஒரு வரி வேண்டும். அணை உயரத்தில் மூன்றிலக்கம் மட்டும் கொடுத்தபோது தெரியாமல் போனது போல. வெளியீடு ‘தப்பாக’ இருக்கிறதே என்று அந்தப் பக்கத்துக்கு மட்டும் மார்க் குறைத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டையிலிருந்து நிரல் எழுதுவோர் சிலர்