ஸ்பான்சரும் செய்ந்நன்றியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆஸ்திரேலியாவின் நாட்டுப்புற ஊர்களில் நிலவும் ஆள் பற்றாக்குறை பற்றியும், இங்குள்ள முதலாளிகள் ஸ்பான்சர் செய்து, அதாவது விசாவுக்குப் பொறுப்பேற்று, வெளிநாட்டிலிருந்து ஆட்களை வரவழைப்பது பற்றியும் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். விசா எண்கள், வயது வரம்பு, ஆங்கிலத் தேர்வு எல்லாம் சரியாகவே இருந்தன. ஆனால் கட்டுரை நெடுக முதலாளியை ‘வாழ்வு கொடுப்பவர்’, ‘கைதூக்கிவிடுபவர்’ என்றே குறிப்பிட்டிருந்தது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்தச் சொற்கள் எங்கே கொண்டுபோய் விடுகின்றன என்பதைக் கண்ணால் பார்த்தவன் நான்.

நான் டீசல் மெக்கானிக். விக்டோரியா மாநிலத்தில், மெல்பர்னிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர் தள்ளி, விம்மெரா கோதுமை வட்டாரத்தில் வேலை செய்கிறேன். நாட்டுப்புற முதலாளிகள் ஸ்பான்சர் செய்யும் 494 எண் விசாவில் 2022ஆம் ஆண்டு வந்தேன். ஐந்தாண்டு விசா அது. சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன் நகரங்களுக்கு வெளியேதான் வாழவும் வேலை செய்யவும் வேண்டும். மூன்றாண்டு முடிந்தால் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

இங்கே ஆள் பற்றாக்குறை எப்படி இருக்கும் என்பதற்கு என் முதல் அறுவடைக் காலத்தைச் சொல்கிறேன். டிசம்பர் மாதம், இரவு பத்து மணி. வயல் நடுவே அறுவடை இயந்திரம் ஒன்று ஹைட்ராலிக் குழாய் வெடித்து நின்றுவிட்டது. நான் அடியில் படுத்திருக்கிறேன். விவசாயி டார்ச் பிடித்துக்கொண்டு நிற்கிறார்; எழுபது வயதிருக்கும். விளக்கை என் கையில் காட்டுவதும் மேற்கே வானத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். மறுநாள் மழை என்று அறிவித்திருந்தார்கள். விளைந்த கதிரில் மழை விடாமல் பெய்தால் தானியம் கதிரிலேயே முளைவிட்டுவிடும். ரொட்டிக்குப் போக வேண்டிய கோதுமை மாட்டுத் தீவனத்தின் விலைக்கு இறங்கிவிடும். ஓராண்டு உழைப்பு அது. நள்ளிரவு தாண்டி இயந்திரம் உறுமியபோது அந்தப் பெரியவர் என் எண்ணெய்க் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

என் முதலாளி மாதக்கணக்கில் விளம்பரம் கொடுத்தும் உள்ளூரில் ஆள் கிடைக்காமல்தான் என்னை அழைத்தார். முதல் நாள் அவர் எனக்கு நன்றி சொன்னார். நன்றி சொல்ல வேண்டியவன் நான்தானே என்று திகைத்து நின்றேன். இப்போது புரிகிறது. அவருக்கு மெக்கானிக் வேண்டும், எனக்கு வேலையும் வதிவிடமும் வேண்டும். இருவரும் கொடுத்தோம், இருவரும் பெற்றோம்.

என் நண்பருக்கு அப்படி அமையவில்லை. அவர் செஃப். என்னோடு ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தார். பக்கத்து ஊரில் நம்மவர் ஒருவர் நடத்தும் உணவகத்துக்கு 482 விசாவில், அதாவது முதலாளி ஸ்பான்சர் செய்யும் தற்காலிக வேலை விசாவில், வந்தவர். ஆம், தமிழர்தான்; எழுதவே கை கூசுகிறது. சம்பளம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் சட்டப்படி முழுதாக விழும். மறுநாள் காலை நண்பர் ஏடிஎம்முக்குப் போவார். ஐம்பது டாலர் நோட்டுகள் எட்டு எடுத்து, மடித்து, கடையில் ரசீதுப் புத்தகத்துக்கு அடியில் வைத்துவிட வேண்டும். அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. உன்னை வரவழைக்க அரசுக்குக் கட்டியது, ஏஜெண்டுக்குக் கொடுத்தது எல்லாவற்றையும் நீதான் அடைக்க வேண்டும் என்பது முதலாளியின் கணக்கு. ஒரு முறை நண்பர் தயங்கியபோது முதலாளியின் வாயிலிருந்து வந்த சொல் ‘செய்ந்நன்றி’. தமிழில் இதைவிட ஆழமாகக் குத்தும் சொல் உண்டா? ஊரில் அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன நினைப்பாள் என்று நண்பர் அன்றிரவு முழுதும் புலம்பிக்கொண்டிருந்தார்.

அவர் நன்றி கொன்றவர் அல்லர். அவரிடமிருந்து களவு நடந்துகொண்டிருந்தது. ஸ்பான்சர் செய்யும் நிறுவனம் உள்ளூர்த் தொழிலாளரின் பயிற்சிக்காக அரசுக்குக் கட்டும் நிதிக் கட்டணத்தைத் தொழிலாளியிடம் வசூலிப்பது சட்டவிரோதம். ஸ்பான்சராகப் பதிவதற்கும் இன்ன வேலைக்கு ஆள் வேண்டும் என்று பணியிடத்தை அரசிடம் முன்மொழிவதற்கும் ஏஜெண்டுக்குக் கொடுத்த பணமும் அப்படியே. ஸ்பான்சர் செய்வதற்குப் பிரதியாகப் பணமோ வேறு பயனோ கேட்பதும் வாங்குவதும் 2015 டிசம்பரிலிருந்து குற்றம். அதே வேலைக்கு உள்ளூர்க்காரருக்கு என்ன கூலியோ அதுவே இவருக்கும். வேலை முடிந்து ஊர் திரும்ப எழுத்தில் கேட்டால் பயணச் செலவையும் ஸ்பான்சர்தான் ஏற்க வேண்டும். இவையெல்லாம் அந்த முதலாளி தாமே ஒப்புக்கொண்ட கடமைகள்.

இவ்வளவு இருந்தும் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தார் என்று கேட்கலாம். அப்போது வேலையை விட்டால் வேறு ஸ்பான்சர் தேட 60 நாள்தான். நிரந்தர விசாவுக்கான காலமும் ஒரே முதலாளியிடம் கழிந்திருக்க வேண்டும். மாறினால் பழைய ஆண்டுகள் வீண். குடும்பத்தோடு வந்த ஒருவர் இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன துணிவார்?

“இந்தப் பட்டிக்காட்டில் உனக்காக யார் கேட்பார்கள்?” என்றும் அந்த முதலாளி சொல்வாராம். சிற்றூர்களை அறியாதவர் பேச்சு. குயின்ஸ்லாந்தின் பிலோயலாவில் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்த ஈழத் தமிழர் ஒருவரின் குடும்பத்தை 2018இல் விடியற்காலையில் பிடித்துக்கொண்டு போனபோது, அந்த ஊர் மக்கள் நான்காண்டுகள் விடாமல் போராடி 2022இல் திரும்ப வரவழைத்தார்களே! அவர்கள் வந்தது ஸ்பான்சர் விசாவில் அல்ல, தஞ்சம் கேட்டு. ஆனாலும் தம்மோடு உழைத்தவரை ஒரு சிற்றூர் எப்படித் தம்மவராக எண்ணும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

வேறு ஸ்பான்சர் தேடுவதற்கான அந்த 60 நாள், 2024 ஜூலை 1 முதல் 180 நாளாயிற்று. இடையில் வேறு இடத்தில் வேலையும் செய்யலாம். விசாவைக் காட்டி மிரட்டிக் கட்டாயப்படுத்துவதும் அன்றிலிருந்து குற்றம். ஆகஸ்டில் நண்பர் வேலையை விட்டார். இப்போது முதியோர் இல்லம் ஒன்றின் சமையற்கூடத்தில் இருக்கிறார். அவர்களே புதிய ஸ்பான்சர். 2024 டிசம்பரிலிருந்து அங்கீகாரம் பெற்ற எந்த ஸ்பான்சரிடம் உழைத்த காலமும் நிரந்தர விசாவுக்குக் கணக்காகிறது. அதற்கு விண்ணப்பித்துவிட்டார்.

சிறு கடை நடத்துவோரின் பாடும் எனக்குத் தெரியும். ஆளைக் கொண்டுவரச் செலவு உண்டு; காகித வேலைக்கு அளவில்லை; வந்தவருக்கு இந்த ஊர்களில் வீடு கிடைப்பதே பெரும்பாடு. அரசின் மேலும் பழி உண்டு. ஸ்பான்சரில் வருவோருக்கான குறைந்தபட்ச ஆண்டுச் சம்பள வரம்பை 2013 முதல் 2023 வரை 53,900 டாலரிலேயே பத்தாண்டுகள் நிறுத்திவைத்ததால், மலிவாக ஆள் பிடிக்க நினைத்தவர்களுக்கு வழி திறந்தே கிடந்தது. பின்பு அதை 70,000 ஆக்கினார்கள். இப்போது அதற்கும் மேல். இருந்தாலும், கட்ட முடியாத செலவென்றால் ஸ்பான்சர் செய்யாமல் இருக்கலாம். ரசீதுப் புத்தகத்துக்கு அடியில் நோட்டு வாங்க அது காரணமாகாது.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். தங்கள் இதழின் விளம்பரப் பக்கத்தில் ‘ஸ்பான்சர் செய்யப்படும், விவரம் நேரில்’ என்ற வரியை அடிக்கடி பார்க்கிறேன். நேரில் பேசுவது பெரும்பாலும் தொகை பற்றித்தான் என்பது எங்கள் வட்டாரத்தில் எல்லோரும் அறிந்தது. சம்பளத்தை அச்சிடாத விளம்பரங்களைத் தயவுசெய்து ஏற்காதீர்கள். அந்தப் பக்கத்தின் அடியில் கூலிப் புகார்களை விசாரிக்கும் அரசு அமைப்பான ஃபேர் வொர்க் ஒம்புட்ஸ்மனின் 13 13 94 என்ற எண்ணையும், தமிழ் மொழிபெயர்ப்பாளரை அழைத்துத் தரும் 131 450 என்ற எண்ணையும் ஒவ்வோர் இதழிலும் போடுங்கள். என் நண்பருக்கு அந்த இரண்டு எண்களும் தெரிய இரண்டு ஆண்டுகள் ஆயின.

இப்படிக்கு,
பெயர் வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்ளும் வாசகர்,
விம்மெரா, விக்டோரியா