தொட்டி வெள்ளரிக்குத் தை மாதமே ஏற்றது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாடித்தோட்டம் குறித்துத் தங்கள் நாளிதழ் அண்மையில் வெளியிட்ட கட்டுரையில், தொட்டியில் வெள்ளரி வளர்ப்பது மிக எளிது என்றும், ஆண்டின் எந்த மாதத்திலும் விதை ஊன்றலாம் என்றும் எழுதப்பட்டிருந்தது. எளிது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எந்த மாதத்திலும் என்பது மட்டும் திருநெல்வேலிச் சீமையில் மொட்டைமாடியை நம்பி விதைப்பவர்களுக்குப் பொருந்தவே பொருந்தாது. பாளையங்கோட்டையில் என் வீட்டு மாடியில் ஆறு ஆண்டுகளாக வெள்ளரி வளர்த்துவருகிறேன். முதல் இரண்டு ஆண்டுகள் இலையையும் பூவையும் பார்த்தேனே தவிர ஒரு பிஞ்சைக்கூடப் பறிக்கவில்லை. அப்போது நான் செய்த பிழைகளையே இன்று பலரும் செய்து, மனம் வெறுத்துச் செடியைப் பிடுங்கி எறிவதைக் காண்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் ஆச்சி வீட்டில், பிசான நெல் அறுப்பு முடிந்ததும் ஈரம் காயாத வயலின் ஒரு மூலையில் வெள்ளரி விதை ஊன்றுவார்கள். தரையில் படர்ந்த கொடிக்கு அதன் இலையே குடையாக இருந்தது. வேர் நாற்புறமும் ஈரம் தேடி ஓடியது. தொட்டியில் நிற்கும் கொடிக்கு இந்த இரண்டு வசதியும் இல்லை. கீழே காரைத்தளம் கொதிக்கிறது, பக்கவாட்டில் தொட்டியின் சுவர் சுடுகிறது, நடுவில் ஒரு பிடி மண்ணுக்குள் வேர் முழுவதும் அடைபட்டுக் கிடக்கிறது. ஆகவே கத்திரி வெயில் தொடங்கும் முன்பே காய்த்து ஓயும்படி விதைப்பதுதான் நமக்கு ஏற்ற வழி. மழை ஓய்ந்த தை முதல் வாரத்தில் ஊன்றினால் மாசிக் கடைசியில் முதல் பிஞ்சு கிடைத்துவிடும். சித்திரை வரை பறிக்கலாம். ஆனி, ஆடி மாதங்களில் வெயில் சற்றுத் தணிந்தாலும், செங்கோட்டைக் கணவாய் வழியாக மலையைக் கடந்து வரும் மேல்காற்று அகன்ற இலைகளைக் கிழித்து, தொட்டி மண்ணையும் உலர்த்திவிடுகிறது. அம்மியையே பறக்கச் செய்யும் காற்று என்று நம் முன்னோர் சொன்ன காற்றல்லவா? அப்போதும் வளர்க்க விரும்புபவர்கள், மேற்குக் கைப்பிடிச் சுவரை ஒட்டித் தாழ்வாகப் பந்தல் போட்டால் ஓரளவு தப்பிக்கலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அடிச்சாம்பல் நோய் வந்து இலைகள் மஞ்சள் திட்டுகளுடன் கருகுவதால், அம்மாதங்களில் நான் விதைப்பதில்லை.

தொட்டியைப் பொறுத்தவரை, ஓரடிக்குக் குறையாத ஆழமும் 15 முதல் 20 லிட்டர் கொள்ளளவும் இருந்தால் ஒரு தொட்டிக்கு ஒரு கொடி போதும். மண் வீணாகிறதே என்று மூன்று விதை ஊன்றி மூன்றையும் வளரவிடுவதால் மூன்றும் நலிகின்றன. செம்மண், நன்கு மக்கிய தொழுவுரம், தென்னை நார்க்கழிவு ஆகியவற்றைச் சம அளவில் கலந்து நிரப்பி, கறுப்புப் பையாக இருந்தால் அதைச் சுற்றி நனைத்த சாக்கைக் கட்டிவிடுகிறேன். இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். வெயிலில் கிடக்கும் ரப்பர் குழாயில் முதலில் வருவது ஏறக்குறைய வெந்நீர். அதை வடித்துவிட்ட பிறகே செடிக்குப் பாய்ச்ச வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருக்கும் வீடுகளில் இலையோரம் கருகினால் அதை நோய் என்று எண்ணி மருந்து தேடி அலையாமல், மழைநீரை ஊற்றிப் பார்க்கலாம்; வெள்ளரி உப்பை அதிகம் தாங்காத செடி.

பெரும்பாலானோர் கைவிடுவது பூப் பருவத்தில்தான். கொடி முதலில் ஆண் பூக்களையே பூக்கும். அவை ஒரு நாள் மலர்ந்து உதிரும். பூவெல்லாம் கொட்டுகிறது என்று நான் அஞ்சிப் போய்க் கேட்டபோது, ஒரு விதைக்கடையில் உரம் போதாது என்று கூறி யூரியா கொடுத்தார்கள். அதைப் போட்டதும் இலை செழித்தது. காய் இன்னும் தள்ளிப்போனது. பூவின் அடியில் விரல் நுனியளவு பிஞ்சுடன் வருவதே பெண் பூ என்பதையும், அது ஒன்றிரண்டு வாரம் கழித்தே வரும் என்பதையும் யாராவது அன்று சொல்லியிருந்தால் அந்தக் கொடிகள் பிழைத்திருக்கும். வெப்பம் மிகுந்தால் ஆண் பூக்களே பெருகும் என்பதும் தை விதைப்பை நான் வற்புறுத்துவதற்கு ஒரு காரணம்.

பெண் பூ வந்தாலும் தேனீ வர வேண்டும். மூன்றாம் மாடிக்குத் தேனீ எங்கே வரும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, வெள்ளரித் தொட்டிக்கு அருகில் ஒரு துளசியைப் பூக்கவிடுங்கள் என்பதே. அதுவும் போதாவிட்டால், காலை ஒன்பது மணிக்குள் புதிதாய் மலர்ந்த ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கிவிட்டு, அதன் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் உள்ள சூல்முடியில் மெல்லத் தடவ வேண்டும். மகரந்தம் குறைவாகப் பட்ட பிஞ்சு ஒரு முனை சிறுத்து வளைந்து போகும். இலையில் வண்டு தெரிந்தால் வேப்பெண்ணெய்க் கரைசலை மாலையில் மட்டும் தெளிப்பதும் தேனீக்களின் பொருட்டே. மகரந்தச் சேர்க்கை இல்லாமலே காய்க்கும் பசுமைக்குடில் ரகங்களும் விற்பனைக்கு வருகின்றன; நம் மாடிகளுக்கு நாட்டு ரகமே போதும்.

காய் கசந்தால் விதையைப் பழிப்பது வழக்கமாகிவிட்டது. வெயிலாலும் நீர்த்தட்டுப்பாட்டாலும் கொடி வாடும்போது குக்குர்பிட்டசின் என்னும் கசப்புப் பொருள் காயில் கூடுகிறது. காம்புப் பக்கத்திலும் தோலுக்கடியிலும் அது மிகுதி என்பதால், காம்பு முனையை ஓரங்குலம் வெட்டித் தோலைச் சீவினால் கசப்பு குறையும். வெட்டிய துண்டைத் தேய்த்து நுரை எடுப்பது நம் வீடுகளில் தொன்றுதொட்டு வரும் பழக்கம் என்றாலும், உள்ளே இருக்கும் கசப்பை அது இழுத்துவிடாது. மிகவும் கசக்கும் காயைச் சிறுவர்களுக்குக் கொடுக்கவே கூடாது, வயிற்றைப் புரட்டும். பங்குனியில் காலையும் மாலையும் தவறாமல் நீர் ஊற்றிய கொடியில் எனக்குக் கசந்த காய் அரிதாகவே கிடைத்திருக்கிறது. பிஞ்சாகவே பறித்துவிடுவதும் முக்கியம். ஒரு காயை முற்றவிட்டால் கொடி மேற்கொண்டு காய்ப்பதைக் குறைத்துக்கொள்கிறது.

மாடித்தோட்டத்துக்கான பைகளையும் விதைகளையும் மானிய விலையில் வழங்கும் தோட்டக்கலைத் துறையினர், நம் மாவட்டத்துக்கு ஏற்ற விதைப்பு மாதங்களையும், ஆண் பூ, பெண் பூ வேறுபாட்டைக் காட்டும் ஒரு படத்தையும் ஒரு சிறு சீட்டில் அச்சிட்டு விதையுடன் சேர்த்துத் தர வேண்டுகிறேன். கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரி அருகிலேயே இருக்கும்போது, நெல்லை, தூத்துக்குடி வாசகர்களுக்கென அங்குள்ள பேராசிரியர்களிடம் மாதம் ஒரு பத்தி எழுதி வாங்கித் தாங்கள் வெளியிடலாம். அடுத்த தைக்கு முன்பாக அதன் முதல் பத்தி வெள்ளரியைப் பற்றி வந்தால், என் தெருவிலேயே நாலைந்து வீட்டார் அதைக் கத்தரித்து வைத்துக்கொள்ளக் காத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
பாளையங்கோட்டை.