இரண்டு கிளஸ்டர், ஒரு கிபானா, மூன்று பேருக்கு நன்றி

அண்ணாவுக்கும் அக்காவுக்கும் தம்பிக்கும்,

போன கிழமை முழுக்க உங்கள் போனை ஓயவிடாதவன் நான்தான். எங்கள் லொக், அதாவது கணினிகள் எழுதிவைக்கும் நடப்புப் பதிவுகள், எலாஸ்டிக்சேர்ச் என்ற தேடல் மென்பொருளில் இருக்கின்றன; அதை ஓட்டும் கணினிகள் (நோட்கள்) சேர்ந்த கூட்டம்தான் கிளஸ்டர், அதில் உள்ளதைத் திரையில் காட்டுவது கிபானா. கொழும்பு கிளஸ்டரின் லொக்கும் சிங்கப்பூர் கிளஸ்டரின் லொக்கும் இப்போது ஒரே கிபானாத் திரையில் வருகின்றன. (கிளஸ்டரைத் தமிழில் கொத்து என்று எழுதலாம்தான். வெள்ளவத்தையில் அந்தச் சொல்லைக் கேட்டதும் எல்லாருக்கும் பசித்துவிடுகிறது.)

அண்ணா, முதல் நன்றி உங்களுக்கு. கிபானாவின் கொன்ஃபிக்கில் (அமைப்புக் கோப்பில்) இரண்டு கிளஸ்டரின் முகவரிகளையும் அடுத்தடுத்து எழுதிவிட்டு, ஏன் ஒழுங்காக வரவில்லை என்று இரண்டு நாள் மண்டையைப் பிய்த்தேன். “அதில போடுற முகவரி எல்லாம் ஒரே கிளஸ்டரின்ர நோடாத்தான் இருக்கோணும். மற்ற வீட்டில தேடுற வேலையை எலாஸ்டிக்சேர்ச்சிட்ட விடு” என்றீர்கள். கொழும்பு கிளஸ்டரில் சிங்கப்பூரை ரிமோட் கிளஸ்டராகச் சேர்த்து, அதற்கொரு பெயர் வைத்து, அந்தப் பெயர், முக்காற்புள்ளி, அப்புறம் இன்டெக்ஸ் (லொக் சேர்த்துவைத்திருக்கும் தொகுப்பின் பெயர்) என்று தேடச் சொன்னீர்கள். அவ்வளவுதான் விஷயம். முன்பு இதற்கு டிரைப் நோட் என்று ஒன்று இருந்ததாம், 2017இல் எலாஸ்டிக்சேர்ச்சின் 5.3 பதிப்போடு இந்த வழி வந்ததும் அது மெல்லக் கழன்று, 7.0இல் காணாமலே போய்விட்டது. நான் படித்த பழைய குறிப்புகள் ஏன் குழப்பின என்று அப்போதுதான் விளங்கியது.

தம்பி, இரவு பதினொரு மணிக்கு என் திரையைப் பார்த்து நீ சொன்னது ஒரே வரி: “அண்ணா, 9200 எண்டு கிடக்கு.” 9200 என்பது சாதாரணக் கோரிக்கைகள் வரும் போர்ட் (கணினியின் இணைப்பு வாசல்) இலக்கம்; ரிமோட் இணைப்பு போவது 9300 வழியாக. அதை மாற்றி, ஃபயர்வோலிலும் அந்தப் போர்ட்டைத் திறந்த பிறகுதான் பச்சை விளக்கு வந்தது.

இணைந்தும் அனுமதி இல்லை என்றே வந்தது. அக்கா, அங்கே நீங்கள் இல்லையென்றால் நான் சேர்டிஃபிகட்டைத்தான் திரும்பத் திரும்பக் குறை சொல்லிக்கொண்டிருப்பேன். ஒரே பெயரில் ரோல் (யார் எதைப் பார்க்கலாம் என்ற அனுமதித் தொகுப்பு) இரண்டு பக்கமும் இருக்க வேண்டும், சிங்கப்பூர் பக்கத்து ரோலில் கிளஸ்டர் தாண்டி வாசிக்கும் அனுமதியும் வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லித் தந்தீர்கள்.

வெள்ளிக்கிழமை மழையில் சிங்கப்பூர் லைன் விழுந்தபோது கொழும்பு லொக்கும் சேர்ந்து பிழை காட்டியது. கிடைக்காத கிளஸ்டரை விட்டுவிட்டு மற்றதைக் காட்டும் அமைப்பை அண்ணா போட்டுவிட்டார். எலாஸ்டிக்சேர்ச் 8.15 பதிப்பு முதல் அது தானாகவே அப்படித்தான் இருக்கும், எங்களுடையது அதற்கு முந்தியது.

ஞாயிறு மாலை காலி வீதிக்கு வாருங்கள், கொத்து என் கணக்கில். தம்பிக்குச் சீஸ் போட்டது.