பேட்டரியைக் கண்டு பயப்படாதே

அன்பு நண்பா,

இங்கே எல்லோரும் நலம். பெரியவள் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். சின்னவன் வழக்கம்போல. உன் முதுகுவலி இப்போது எப்படி இருக்கிறது என்று எழுது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து இழுக்கும் ஹைப்ரிட் கார் வாங்கும் யோசனையையே நீ விட்டுவிட்டாய் என்று மொட்டை சொன்னான். பேட்டரி சீக்கிரம் போய்விடும், மாற்றப் போனால் சொத்தை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று யாரோ சொன்னார்களாம். யாருடா அந்த யாரோ? டேப் ரெக்கார்டர் மோட்டாரைக் கழற்றி விசிறி செய்தவன் நீ. ஹாஸ்டல் கட்டிலுக்கு அடியில் மொபெட் எஞ்சினை ஒளித்து வைத்து வார்டனிடம் மாட்டியவன் நீ. அப்படிப்பட்டவன் ஒரு வண்டியின் உள்ளே என்ன இருக்கிறது என்று எட்டிக்கூடப் பார்க்காமல் பின்வாங்கினாய் என்றால் எனக்குத் தாங்கவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் அந்த கியர். எனக்கு இந்த வண்டிமேல் ஆசை வந்ததே அதனால்தான். 1997 டிசம்பரில் ஜப்பானில் டொயோட்டா பிரியஸ் என்ற ஹைப்ரிட் கார் வந்தபோது அதில் வைத்த ஏற்பாடு, இன்றுவரை அடிப்படையில் மாறவில்லை. நடுவில் ஒரு சிறிய பல்சக்கரம், அதைச் சுற்றி ஓடும் குட்டிச் சக்கரங்கள், வெளியே ஒரு வளையம். குட்டிச் சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தோடு எஞ்சின் இணைந்திருக்கிறது. நடுச்சக்கரத்தோடு ஒரு மோட்டார். வெளி வளையத்தோடு இன்னொரு பெரிய மோட்டாரும் வண்டிச் சக்கரங்களும். அவ்வளவுதான். கிளட்ச் கிடையாது. கியர் மாற்றுவது என்ற பேச்சே கிடையாது. எஞ்சினைச் சுழற்றி உயிர்ப்பிக்கத் தனி ஸ்டார்ட்டர் இல்லை, அந்த நடு மோட்டாரே செய்துவிடும். ரிவர்ஸுக்கும் தனிப் பல் இல்லை, பெரிய மோட்டார் பின்பக்கமாகச் சுழலும். பழைய பிரியஸில் நடுச்சக்கரத்துக்கு 30 பல், வளையத்துக்கு 78. நீயே கணக்குப் போட்டுப் பார். எஞ்சினின் முறுக்குவிசையில் 72 சதவீதம் நேராகச் சக்கரத்துக்குப் போகும், மீதி 28 சதவீதம் மோட்டார் பக்கம் போய் மின்சாரமாகும். தேய்ந்து நாறும் பெல்ட் இல்லை, வழுக்கும் தட்டு இல்லை. எப்போதும் கோத்துக்கொண்டே இருக்கும் பற்கள் மட்டும். சிக்கலான வண்டி, அதனால் சீக்கிரம் கெடும் என்பவர்கள் இதை ஒருமுறை பிரித்துப் பார்க்க வேண்டும்.

எஞ்சினும் சாதாரண எஞ்சின் இல்லை. ஜேம்ஸ் அட்கின்சன் என்ற ஆங்கிலேயர் 1882ல் யோசித்தது இப்போதுதான் கைக்கு வந்திருக்கிறது. காற்று உள்ளே வரும் வால்வைத் தாமதமாக மூடுகிறார்கள். உறிஞ்சியதில் கொஞ்சம் வெளியே திரும்பிப் போய்விடும். அமுக்குவது குறைவு, விரிவது முழுசாக. பெட்ரோலின் சூட்டைக் கடைசிவரை வேலை வாங்கிவிடும். ஆனால் நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது அதற்கு இழுவை போதாது. அந்தக் குறையை மோட்டார் நிரப்புகிறது. மோட்டாருக்கு வேகம் போகப் போக மூச்சு வாங்கும், அப்போது எஞ்சின் ஏற்றுக்கொள்ளும். நம் வாத்தியாரும் அவர் மனைவியும் குடித்தனம் நடத்திய மாதிரிதான், ஒருவர் ஓய்ந்தால் ஒருவர்.

ஓட்டும்போது எப்படி இருக்கும் என்று கேட்பாய். நெரிசலில் இதை மிஞ்ச ஆள் இல்லை. வரிசை நகரும்போது எஞ்சின் தூங்கிக்கொண்டிருக்கும், வண்டி மட்டும் ஊர்ந்து போகும். பிரேக்கில் கால் பட்டதும் மோட்டார் ஜெனரேட்டராக மாறி வண்டியைப் பிடித்து இழுக்கும். நிற்பதற்குச் சற்று முன்னால், ஆள் நடக்கும் வேகத்துக்கு வந்த பிறகு, காலுக்கு அடியில் ஒரு சின்ன மாற்றம் தெரியும். அங்கேதான் பிரேக் பேடுக்கு வேலை கைமாறுகிறது. முதலில் அது உறுத்தும், பிறகு கால் கற்றுக்கொண்டுவிடும். அதனால் பேடுகள் மற்ற வண்டிகளைவிட நெடுநாள் வரும். ஆனால் மழைக்காலத்தில் டிஸ்க்கில் துரு உட்கார்ந்துவிடும், ஏனென்றால் பேடு அதை உரசுவதே குறைவு. காலியான சாலை கிடைக்கும்போது எப்போதாவது ஒருமுறை அழுத்திப் பிரேக் போடு, போதும்.

நீ சிக்னலில் நியூட்ரலுக்குத் தள்ளுவாயே, அந்தப் பழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். இதில் நியூட்ரலில் போட்டால் எஞ்சின் ஓடினாலும் பேட்டரி ஏறாது.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது பெரிய லாபம் இல்லை. பிரேக்கே போடாத இடத்தில் எதைத் திரும்பப் பிடிப்பது? ஏற்றத்தில் அழுத்தினால் எஞ்சின் ஒரே சுருதியில் கத்தும், அது எனக்கு இன்றும் பிடிக்கவில்லை. உன் ஓட்டம் முழுக்க நெடுஞ்சாலை என்றால் இந்தக் கடிதத்தையே எழுதியிருக்க மாட்டேன். நீயோ காலையிலும் மாலையிலும் நெரிசலில் கிடந்து வதைபடுகிறவன்.

பிளக் போட்டு சார்ஜ் ஏற்றும் வகையையும் பார்த்தாய் என்றான் மொட்டை. வண்டி நிற்கும் இடத்திலேயே மின்இணைப்பு இருந்து, தினமும் செருகுவதாக இருந்தால் நல்லதுதான். செருகாமல் ஓட்டினால் பெரிய பேட்டரியின் பாரத்தையும் சேர்த்துப் பெட்ரோலில் இழுத்துக்கொண்டு திரிவாய். உன் வீட்டு மாடிப்படியையும் வண்டி நிற்கும் தெருவையும் நினைத்தால் எனக்கு நம்பிக்கை இல்லை.

இப்போது உன் பேட்டரி பயம். இதை நிதானமாகப் படி. பேட்டரியை இந்த வண்டிகள் ஒருபோதும் முழுசாக நிரப்புவதும் இல்லை, முழுசாகக் காலி செய்வதும் இல்லை. நடுவிலேயே வைத்திருக்கும். பழைய பிரியஸ்களில் ஏறக்குறைய 40லிருந்து 80 சதவீதத்துக்குள். உன் கைபேசியைத் தினமும் காலி செய்து நிரப்புகிறாயே, அந்தப் பாடு இதற்கு இல்லை. அதனால்தான் பத்து வருடம் தாண்டிய பேட்டரிகள் இன்னும் ஓடுகின்றன.

அதற்கு எமன் வெயிலும் தூசியும்தான். பின்சீட்டின் ஓரத்தில் ஒரு சின்னக் கிரில் இருக்கும். பல பேர் அதைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். அதன் வழியாக ஒரு மின்விசிறி காருக்குள் இருக்கும் காற்றை இழுத்துப் பேட்டரியைக் குளிர வைக்கிறது. என் வண்டியில் அந்தக் கிரில்லைக் கழற்றி உள்ளே இருக்கும் வடிகட்டியை எடுத்தேன். தலைமுடி, சால்வை நூல், பிஸ்கட் தூள், எல்லாம் சேர்ந்து சாம்பல் நிறக் கம்பளி மாதிரி படிந்திருந்தது. விரலால் உரித்தால் ஒரே துண்டாக வந்தது. அதைத் தட்டிச் சுத்தம் செய்து மாட்டிய பிறகு, வெயில் நேரத்தில் பின்னால் விசிறி இரைவது நின்றுவிட்டது. அந்த இடத்தில் பையையோ போர்வையையோ வைத்து அடைக்காமல் இருந்தாலே பேட்டரியின் ஆயுள் கூடும். இதை எந்த விற்பனையாளரும் வாய்திறந்து சொல்வதில்லை என்பதுதான் என் ஆத்திரம்.

அப்படியே பேட்டரி தளர்ந்தாலும் முழுசும் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. இரண்டாம் தலைமுறைப் பிரியஸில் மாட்யூல் என்ற 7.2 வோல்ட் குட்டிப் பேட்டரிகள் 28 வரிசையாக இருக்கும், மொத்தம் 201.6 வோல்ட். ஒன்றிரண்டு பலவீனமானாலே எச்சரிக்கை விளக்கு எரியும். என் அத்தை மகனிடம் ஒரு பணிமனையில், சோதிக்காமலே மொத்தமாக மாற்ற வேண்டும் என்று சொன்னார்கள். வேறு இடத்தில் ஒவ்வொன்றாக அளந்து பார்த்தபோது கெட்டது சிலதுதான். ஒரே ஓரிடத்தில் கேட்டு முடிவு செய்யாதே.

உண்மையில் தொல்லை கொடுப்பது தனியாக இருக்கும் சின்ன 12 வோல்ட் பேட்டரிதான். மொட்டையிடமே கேள். வாரக்கணக்கில் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தான், கதவுகூடத் திறக்கவில்லை. பெரிய பேட்டரியில் சார்ஜ் இருக்கிறது, ஆனால் அதை வண்டியோடு இணைக்கும் ரிலே என்ற மின்சுவிட்சுகள் வேலை செய்யச் சின்ன பேட்டரிதான் வேண்டும். சாவிக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியால் திறந்துதான் உள்ளே போனான். வண்டி வாங்கிய அன்றே அந்தச் சாவி எங்கே இருக்கிறது என்று பார்த்து வை.

இப்போது சொல்வதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. ஆரஞ்சு நிறக் கேபிள் எங்கே கண்டாலும் கையை எடுத்துவிடு. உன்னை எனக்குத் தெரியும், ஸ்பானரோடு படுத்துவிடுவாய். அதில் ஓடுவது 200 வோல்ட்டுக்கு மேல். வண்டியை அணைத்த பிறகும் இன்வெர்ட்டருக்குள் இருக்கும் மின்தேக்கிகளில் கொஞ்ச நேரம் சார்ஜ் தங்கியிருக்கும். வடிகட்டியோடு உன் வேலை முடிய வேண்டும். அதற்கு மேல், பயிற்சி பெற்றவர்கள் கை. பேரப்பிள்ளை பிறக்கப் போகிற வீடு, ஞாபகம் வைத்துக்கொள்.

இன்னொன்றும் இருக்கிறது. வாத்தியாருக்கு இரண்டு கண்ணும் மங்கிவிட்டது உனக்குத் தெரியும். போன மாதம் அவரைக் கூப்பிடப் போனேன். வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார். நான் மெதுவாகப் பக்கத்தில் போய் நிறுத்தி இறங்கிக் கதவைச் சாத்திய பிறகுதான் தலையைத் திருப்பினார். "எப்போடா வந்தே? சத்தமே கேட்கலையே" என்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. காதாலேயே தெருவைக் கடக்கும் மனிதர் அவர். ஐரோப்பாவில் 2019 ஜூலையிலிருந்து புதிய ரகங்களுக்கு, 20 கிலோமீட்டர் வேகம் வரை செயற்கையாக ஒரு சத்தம் எழுப்ப வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். அந்த வேகத்துக்கு மேல் டயர் சத்தமே போதும். பழைய வண்டி வாங்கினால் அந்த ஏற்பாடு இல்லாமல் இருக்கலாம். தெருவுக்குள் ஊர்ந்து போகும்போது கண்ணாடியை இறக்கி வை, ஆள் உன்னைப் பார்க்கிறாரா என்று முகத்தைப் பார். என்னால் இப்போது அப்படிப் பார்க்காமல் ஓட்ட முடிவதில்லை.

நீ பார்த்து வைத்த வண்டி எந்த வருடத்தது, எவ்வளவு ஓடியிருக்கிறது, பேட்டரி சோதித்த தாள் கொடுக்கிறார்களா என்று மூன்றையும் எழுதி அனுப்பு. போய்ப் பார்க்கும்போது முதலில் பின்சீட்டுக் கிரில்லைக் கழற்று. அங்கே கம்பளி படிந்திருந்தால் பேரம் பேச உனக்கு வழி கிடைத்தது. வாத்தியார் உன்னைக் கேட்டார், ஒரு போன் போடு. வீட்டில் எல்லோருக்கும் என் அன்பைச் சொல்.

உன் பழைய அறைத்தோழன்