முத்துவின் குறட்டை

நீடாமங்கலம்
ஆவணி 12

அன்புள்ள கமலா,

ஆனியில் வந்த உன் கடிதத்துக்கு ஆவணியில் பதில் போடுகிறேன். திட்டித் தீர்த்துக்கொள். நார்த்தங்காய் வந்து சேர்ந்தது. உப்பில் உன் கை இன்னும் அடங்கவில்லை. இவருக்கு மூட்டுவலி அப்படியே. குறுவை கதிர் விட்டிருக்கிறது. எழுத முடியாமல் போனது பேரன் முத்துவால்.

சின்னத் தாடையும் பிளந்த அண்ணமுமாகப் பிறந்தவனைத்தான் நீ மடியில் வைத்துக்கொண்டு அழுதாயே. ஒரு வயதில் அண்ணத்தைத் தைத்து மூடியதும் கண்டம் கழிந்தது என்று இருந்துவிட்டோம். இப்போது நான்கு வயது. படுத்தால் குறட்டை. "குறட்டையில் நம் கணக்கு டீச்சர் தோற்றார்" என்று நாமே சிரித்தோம். காட்டிய இடத்திலும், வளர்ந்தால் சரியாகிவிடும் என்று அனுப்பிவிட்டார்கள். அந்தச் சொல்லை நம்பி இரண்டு வருடம் போனது. எனக்கு ஆறவில்லை.

ஆடியில் மருமகள் பிறந்தகம் போனபோது என் பக்கத்தில் படுத்தான். கழுத்தைப் பின்னால் வளைத்து, வாயைப் பிளந்துகொண்டு. தலையணை வியர்வையில் ஊறியிருந்தது. திடீரென்று குறட்டை நின்றது. நெஞ்சுக்குழி உள்ளே இழுக்கிறது. மூக்கருகே விரல் வைத்தால் காற்று இல்லை. கடிகார முள்ளைப் பார்த்தேன். பன்னிரண்டு விநாடி. பிறகு திணறி, உடம்பை உதறி, மூச்சு வந்தது. விடியும்வரை எண்ணிக்கொண்டிருந்தேன், கமலா.

தஞ்சாவூரில் ஓர் இரவு முழுக்கத் தலையிலும் மார்பிலும் வயர் ஒட்டிப் பார்த்தார்கள். தாடை சிறியதாக இருப்பதால் நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கிறதாம். தூக்கத்தில் மூச்சு அடைபடுவது மணிக்கு 5 தடவைக்குள் என்றால் பெரியவர்களுக்குப் பரவாயில்லை; குழந்தைக்கு 1 தாண்டினாலே கோளாறு. இவனுக்கு 14. எடை ஏறாததும் படுக்கையை நனைப்பதும்கூட இதனால் இருக்கலாம் என்றார்கள். நனைத்ததற்காக நான் அவனை அடித்திருக்கிறேன்.

இப்போது இரவில் முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும் மெஷின். மூன்று நாள் பிய்த்து எறிந்தான். மன்னார்குடி கோயில் யானை செங்கமலத்தின் தும்பிக்கை என்றதும் மாட்டிக்கொண்டான். தேவைப்பட்டால் பிறகு தாடை எலும்பை அறுத்து, திருகு வைத்து, நாளுக்கு 1 மில்லிமீட்டர் அளவில் நீட்டுவார்களாம். என் பயமெல்லாம் கரண்ட்தான். 2018 கஜா புயலில் எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம்! குறுவைப் பணத்தில் முதலில் இன்வர்ட்டர் என்று இவர் சொல்லிவிட்டார்.

உன் தங்கையின் திருத்துறைப்பூண்டிப் பேத்திக்கும் இதே தாடைதானே? அவளும் குறட்டை விடுவதாக நீதான் எழுதியிருந்தாய். ஓர் இரவு விழித்திருந்து, மார்பு தெரியும்படி போனில் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டச் சொல். இதற்கு மட்டும் கடிதம் போடாதே, போன் செய்.

உன்,
சரோஜா